20 லிட்டர் மைக்ரோவேவ் அடுப்பு: மூன்றாண்டுச் சமையலுக்குப் பின்

பொங்கல் தள்ளுபடியில் வாங்கிய 20 லிட்டர் மைக்ரோவேவ் அடுப்பு எங்கள் திருச்சி வீட்டுச் சமையலறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு மாதங்கள் அதைப் பாலும் முந்தின நாள் குழம்பும் சூடாக்கும் பெட்டியாகவே வைத்திருந்தோம். இன்று ஒரு வேளைக்கு ஒரு காயாவது அதில்தான் வேகிறது. இந்த மாற்றத்துக்குக் காரணம் கருவியின் முகப்பில் உள்ள இரண்டு குமிழ்களில் மேலே இருப்பது, அதாவது பவர் குமிழ். வாங்கிய நாள் முதல் ‘ஹை’ என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த அந்தக் குமிழைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இது சமைக்கும் கருவி என்பது எங்களுக்குப் புரிந்தது. பல வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பு மூலையில் துணி போர்த்திக் கிடப்பதற்கும் அந்தக் குமிழைத் தொடாமல் இருப்பதே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடையில் மூன்று வகைகள் இருந்தன. மைக்ரோவேவ் எனும் நுண்ணலையில் மட்டும் இயங்கும் சோலோ, மேலே சூடேறும் கம்பியுடன் கூடிய கிரில், சூடான காற்றைச் சுழலவிட்டு கேக்கும் ரொட்டியும் சுடக்கூடிய கன்வெக்‌ஷன் ஆகியவை அவை. விற்பனையாளர் கன்வெக்‌ஷனைத்தான் வலியுறுத்தினார். ஆனால் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை கூட கேக் செய்வதில்லை. முறுவல் வேண்டியதெல்லாம் தோசைக்கல்லிலும் இரும்பு வாணலியிலும் நன்றாகவே வந்துவிடுகிறது. ஆகவே ஆறாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு, இரண்டு குமிழ்கள் மட்டும் கொண்ட சோலோ வகையை வாங்கினோம். அது 1200 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு 800 வாட் ஆற்றலை உணவுக்குத் தருவதாகப் பின்புறத் தகட்டில் போட்டிருக்கிறது. சோறு, குழம்பு, பொரியல் என்று சமைக்கும் வீட்டுக்குச் சோலோ போதும் என்ற அன்றைய முடிவை மாற்றிக்கொள்ள இதுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பவர் குமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘மீடியம்’ என்று வைத்தால் அலைகள் பாதி வலுவில் வரும் என்று நினைத்திருந்தேன். அலைகளின் வலுவையே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் தொழில்நுட்பம் இல்லாத எங்களுடையது போன்ற கருவிகளில் அப்படி நடப்பதில்லை. அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் இயங்கும்போதெல்லாம் முழு வலுவில்தான் இயங்குகிறது. மீடியத்தில் வைத்தால் சில நொடிகள் இயங்கி, சில நொடிகள் ஓய்கிறது. காது கொடுத்துக் கேட்டால், உள்ளே ஓடும் விசிறியின் சீரான ஓசைக்கு மேல் கனமான ஒரு முனகல் எழுவதும், சற்று நேரத்தில் அடங்குவதும், மறுபடி எழுவதும் தெளிவாகக் கேட்கும். நுண்ணலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வலுவோடு ஊடுருவுகின்றன. அதற்கு அப்பால் உள்ள பகுதி, வெளிப்பகுதியில் ஏறிய சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்குவதால்தான் வேகிறது. முனகல் அடங்கியிருக்கும் அந்த நொடிகள் அந்தச் சூடு இறங்குவதற்கான அவகாசம். முழு வலுவில் ஓயாமல் அடித்தால் விளிம்பு காய்ந்து சுருங்கும். நடுப்பகுதி வேகாமல் நிற்கும்.

இந்தக் கருவி மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை காய்களை வேகவைப்பதுதான். தண்ணீர் உள்ள பொருளில்தான் நுண்ணலை நன்றாக வேலை செய்கிறது. காய்களோ பெரும்பகுதி தண்ணீரால் ஆனவை. கால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தளர்வாக மூடி ஹையில் மூன்று நிமிடம், கிளறிவிட்டு மீடியத்தில் மூன்று நிமிடம் வைத்தால், நிறம் மங்காமல், நசுங்காமல், ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வெந்திருக்கிறது. வடித்துக் கொட்டத் தண்ணீரே மிஞ்சுவதில்லை என்பதால், வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் சாக்கடைக்குப் போவதும் இல்லை. பிறகு வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, வெந்த காயைப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்க இரண்டே நிமிடம்தான். உப்பை மட்டும் தாளிக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். வேகவைக்கும் முன் மேலாகத் தூவினால், உப்பு விழுந்த இடங்கள் மட்டும் வற்றிச் சுருங்கிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவி, முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்தி, தட்டின் நடுவில் குவிக்காமல் ஓரமாக வட்டமாக அடுக்கி வைத்தால், நடுத்தர அளவில் மூன்று கிழங்குகள் ஆறேழு நிமிடங்களில் வெந்துவிடுகின்றன. குக்கரில் வேகும் கிழங்கு தண்ணீரை உறிஞ்சிக் குழைவதைப்போல இது குழைவதில்லை. மாவாக, உலர்ந்து இருப்பதால் வறுவலுக்கும் மசால் தோசைக்கும் இதுவே மேல் என்று எங்கள் வீட்டில் ஒருமனதாக முடிவாகிவிட்டது. குத்துவதை மறந்தால் உள்ளே உருவாகும் நீராவி தோலை வெடித்துக்கொண்டு வெளியேறும். வாழைக்காயையும் இதேபோல் குத்தி நாலைந்து நிமிடம் வைத்தால் தோல் கறுத்து, கையால் உரிக்க வரும் அளவுக்கு வெந்து, பொடிமாஸுக்குப் பூப்போல உதிர்கிறது. எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காயை நான்காகக் கீறி, ஒரு கரண்டி எண்ணெய் புரட்டி நான்கு நிமிடம் முன்கூட்டி வேகவைத்துவிடுகிறேன். வாணலியில் வதக்கும்போது காய் குடிக்கும் எண்ணெய் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கொத்சுக்கு இப்படிச் செய்த கத்திரிக்காயில் சுட்ட வாசம் துளியும் வருவதில்லை. அதற்கு அடுப்புத் தீ வேண்டும். சேனையையும் இதில் வைப்பதில்லை. புளித்தண்ணீரில் கொதிக்கவைத்தால்தான் அதன் அரிப்பு போகிறது.

எல்லாக் காய்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மணி அடித்தவுடன் கதவைத் திறந்து வேகவில்லை என்று மறுபடி வைக்கக் கூடாது. மூடியபடியே இரண்டு நிமிடம் விட்டுவிட வேண்டும். உள்ளே தேங்கிய சூட்டில் சமையல் தொடர்ந்து நடக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாததால் முதல் மாதங்களில் எத்தனையோ நாள் கேரட்டை ரப்பராக்கியிருக்கிறோம்.

காய்க்கு அடுத்தபடியாக நான் மதிப்பது வறுக்கும் வேலை. ஒரு கப் ரவையில் ஒரு தேக்கரண்டி நெய்யைப் பிசிறி, நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, மூன்று நிமிடம் வைத்தால் கருகாமல் வறுபட்டு மணக்கிறது. வேர்க்கடலைக்கு நான்கு நிமிடம் ஆகும். ஆனால் இதில் கவனம் தேவை. வாணலியில் கடலை வெளியிலிருந்து உள்நோக்கிச் சிவக்கும். இங்கே உட்பகுதி முன்னதாகச் சூடேறிவிடுவதால், தோல் வெளுப்பாகவே இருக்கும்போது உள்ளே கருகியிருக்கும். ஒரு கடலையை எடுத்து இரண்டாகப் பிளந்து நிறம் பார்ப்பதே சரியான வழி. சற்று இளம்பதமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் ஆறும்போது மொறுமொறுப்பு தானாக வந்துவிடும். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் வைத்தால் பச்சை நிறம் மாறாமல் கையில் நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. கறிவேப்பிலைப் பொடிக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஈரம் முழுவதும் போன பிறகும் விட்டு வைத்தால் இலை தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அந்த இரண்டு நிமிடமும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

அப்பளம் தனியாகச் சொல்லத் தக்கது. இரு புறமும் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவி, ஓர் அப்பளத்தைச் சுழல் தட்டின் நடுவில் வைக்காமல் சற்று ஓரத்தில் வைத்துக் கதவை மூடினால், முதல் இருபது நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு பக்கத்தில் சிறிய வெண்கொப்புளம் ஒன்று கிளம்பும். தட்டு சுழலச் சுழல அந்த வெண்மை கோடாக நீண்டு, வளைந்து, மஞ்சளாக இருந்த பகுதியையெல்லாம் விழுங்கிக்கொண்டே போகும். நாற்பது, ஐம்பது நொடிகளில் முழு அப்பளமும் பொரிந்து நிற்கும். எண்ணெயில் பொரித்த அப்பளத்தின் சுவை இதில் முழுமையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தணலில் சுட்ட அப்பளத்துக்கு நெருங்கிய சுவை. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய என் அம்மாவுக்கு, ரசம் சோற்றோடு தினமும் ஓர் அப்பளம் திரும்பக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

செய்ய முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். தாளிக்க முடியாது. தோசை வராது. துவரம்பருப்பை இதில் வேகவைக்க முயன்று, நுரை பொங்கித் தட்டெல்லாம் வழிந்து, முக்கால் மணி நேரம் கழித்தும் பருப்பு முழுதாக மலராமல் போனதோடு அந்த முயற்சியைக் கைவிட்டோம். பருப்புக்குக் குக்கரை மிஞ்ச எதுவும் இல்லை. பச்சரிசிச் சாதம் வருகிறது. ஒரு கப் அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீருடன் உயரமான கிண்ணத்தில் ஐந்து நிமிடம் ஹையிலும் பத்து நிமிடம் மீடியத்திலும் வைத்தால் உதிரியாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் புழுங்கலரிசிக்கு நேரமும் தண்ணீரும் இன்னும் கூடுதலாக வேண்டும். ஐந்து பேருக்கு வேண்டிய அளவை வைத்தால் நேரம் அதற்கேற்ப நீண்டுகொண்டே போகும். இந்த அடுப்பின் அடிப்படைக் குணமே அதுதான். தரும் ஆற்றல் 800 வாட்தான். ஒரு கிழங்கானால் மூன்று நிமிடம், நான்கானால் எட்டு ஒன்பது நிமிடம் என்று அது பங்கிடப்படுகிறது. ஒருவர், இருவர் சாப்பாட்டுக்கு மின்னல் வேகம். கூட்டம் கூடிய வீட்டில் கேஸ் அடுப்பே கைகொடுக்கும்.

சூடாக்குவதிலும் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தது. குளிர்பதனப் பெட்டியில் இருந்த சோற்றைக் கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, மூடி வைத்தால் புதிதாக வடித்ததுபோல் ஆகிறது. இட்லிக்கு ஈரத்துணி போர்த்தி, மூன்று இட்லிக்கு நாற்பது நொடி போதும். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். சப்பாத்தியை இதில் வைக்காதீர்கள். சில நொடிகள் கூடினாலும் தோல்போல் இழுபடும். வெறும் தண்ணீரைச் சூடாக்கும்போது குமிழியே வராமல் கொதிநிலையைத் தாண்டிவிட்டு, வெளியே எடுத்துக் காப்பித்தூள் போட்டவுடன் குபீரென்று பொங்கிக் கையைச் சுட வாய்ப்புண்டு. டம்ளரில் ஒரு மரக்குச்சியைப் போட்டு வைப்பதும், முடிந்தபின் அரை நிமிடம் காத்திருப்பதும் பாதுகாப்பு. முட்டையை ஓட்டோடு ஒருபோதும் வைக்கக் கூடாது. வெந்த முட்டையைச் சூடாக்குவதானால்கூட இரண்டாக நறுக்கிய பிறகுதான் வைக்க வேண்டும், மஞ்சள் கரு வெடிக்கும். உறைந்த மீனுக்கும் துருவி உறையவைத்த தேங்காய்க்கும் பனி உருக்குவதற்கான டீஃப்ராஸ்ட் அளவைத்தான் பயன்படுத்த வேண்டும். பனிக்கட்டி நுண்ணலையைத் தண்ணீர் அளவுக்கு ஈர்ப்பதில்லை. முதலில் உருகிய ஓரம் வெந்துவிடும்போது நடுவில் இன்னும் கட்டி நிற்பது அதனால்தான்.

பாத்திர விஷயத்தில் எங்கள் வீட்டுக்குச் சிறிது செலவு வைத்தது. எவர்சில்வர் நிறைந்த தமிழ்ச் சமையலறையில் இந்த அடுப்புக்குள் வைக்கத் தக்க பாத்திரம் ஒன்றுகூட இருக்கவில்லை. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணங்கள் மூன்று, மூடியோடு வாங்கினோம், அவை போதும். பொன்னிற விளிம்புள்ள பீங்கான் தட்டும், பார்க்கப் பீங்கான்போல் இருக்கும் மெலமைன் தட்டும் ஆகாது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட பிளாஸ்டிக்கில்கூட எண்ணெய் மிகுந்த குழம்பைச் சூடாக்க எனக்கு மனம் வருவதில்லை, எண்ணெய் தண்ணீரைவிட அதிகச் சூடேறுவதால்.

அம்மா முதலில் இது இருக்கும் சமையலறைக்குள் வரவே தயங்கினார். கதிர்வீச்சு என்ற சொல்லே காரணம். மைக்ரோவேவ் அடுப்பின் மூலக்கதை போர்க்கால ரேடாரில் இருக்கிறது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடாருக்கான மேக்னட்ரான்களைக் கையாண்ட பெர்சி ஸ்பென்சர், 1945இல் தம் சட்டைப்பையில் இருந்த இனிப்புக் கட்டி உருகியதைக் கவனித்ததிலிருந்து இது பிறந்தது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் கருவி ஏறக்குறைய ஓர் ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடையில் வைக்கும் அளவுள்ளது 1967இல்தான் பரவத் தொடங்கியது. இந்த அலைகள் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை. எக்ஸ் கதிரைப்போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும் வலு அவற்றுக்கு இல்லை, சூடாக்க மட்டுமே முடியும். அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் துளைகளோ மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் அலை அதன் வழியே வெளிவருவதில்லை. கதவு திறந்த கணமே அலை உற்பத்தி நின்றுவிடுகிறது, உணவில் எதுவும் தங்குவதில்லை. இதை அம்மாவுக்கு விளக்கினேன். இப்போது என்னைவிட அதிகமாக அவர்தான் பயன்படுத்துகிறார். ஆனால் கதவு வளைந்தாலோ அதன் விளிம்பு சேதமடைந்தாலோ, சரிசெய்யும்வரை இயக்கக் கூடாது.

அந்த அலைகளின் வேலையை நான் நேரில் பார்த்ததும் உண்டு. ஒருநாள் சுழல் தட்டுக்கு அடியில் உள்ள உருளை வளையம் இடம் பிசகித் தட்டு சுழலாமல் நின்றுவிட்டது. கவனிக்காமல் சாம்பார் சாதத்தை வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, நான்கு விரற்கடை தள்ளி விரல் வைத்தால் சில்லென்று இருந்தது. பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்பி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் நிற்பதன் விளைவு அது. தட்டு சுழல்வதும் நாம் நடுவில் கிளறிவிடுவதும் இதைச் சமன் செய்யத்தான்.

இந்தக் கருவியின் குறைகளில் முதன்மையானது நேரக் குமிழ். முதல் இரண்டு நிமிடங்களுக்கான இடைவெளி நெருக்கமாக இருப்பதால் முப்பது நொடி என்று துல்லியமாக வைக்க இயலாது. இரண்டு நிமிடத்தைத் தாண்டித் திருப்பி, பின்னோக்கிக் கொண்டுவந்தால்தான் ஓரளவு சரியாக நிற்கிறது. நேரம் முடியுமுன் உணவை எடுத்துவிட்டுக் கதவை மூடினால், மிச்ச நேரத்துக்கு வெற்றுப் பெட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. உணவில்லாமல் ஓடுவது மேக்னட்ரானுக்குக் கேடு. எடுத்தவுடன் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர ஓராண்டு ஆயிற்று. ஆனாலும் இந்தக் குமிழ்தான் அம்மாவுக்கு இதை எளிதாக்கியது. தொடுபலகை உள்ள கருவியாக இருந்தால் எழுபது வயதைக் கடந்த அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இரண்டரை ஆண்டு கழித்து, அதாவது ஓராண்டு உத்தரவாதம் முடிந்த பிறகு, உட்சுவரில் இருந்து பொறி பறந்தது. அலைகள் பெட்டிக்குள் நுழையும் வாயிலை மூடியிருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெயும் குழம்பும் தெறித்துப் படிந்து, கருகி ஓட்டையாகியிருந்தது. நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து வந்தவர் உட்பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மூவாயிரம் ரூபாயை நெருங்கும் தொகையைச் சொல்லிவிட்டு, வந்ததற்குத் தனிக்கட்டணமும் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துத் தெரு மெக்கானிக் மைக்கா தாளை அளவாக வெட்டி மாட்டி, இருநூறு ரூபாயில் வேலையை முடித்தார். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அந்தச் சேவை மையத்தின் போக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதி விலைக்குச் செலவு என்று கேட்டு, நல்ல கருவியைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. அதே சமயம், வெளி உறையைத் திருகிக் கழற்றி நாமே பழுது பார்க்கும் துணிவு கூடவே கூடாது; மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். தகடு மறுபடி கருகாமல் இருக்க, வாரம் ஒருமுறை எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, ஆவி படிந்த உட்சுவர்களை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். மீன் வாடையும் அதோடு போய்விடுகிறது.

மின்செலவு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1200 வாட் கருவி ஹையில் ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. நாளுக்கு அரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் 15 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். மின்சாரம் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடாது. மாலையில் மின்னழுத்தம் குறையும் நாட்களில் வேகவும் சற்று நேரம் பிடிக்கும். இதன் இன்னொரு பயனைக் கத்திரி வெயிலில்தான் முழுமையாக உணர்ந்தோம். கேஸ் அடுப்பு எரியும்போது தீ அலையும் என்று சமையலறையில் மின்விசிறியைப் போட முடியாது. மே மாதத்தில், காய் மைக்ரோவேவில் வெந்துகொண்டிருக்க, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அம்மா தேங்காய் துருவுகிறார்.

தனியாகவோ இருவராகவோ இருப்பவர்கள், முதியவர்கள் உள்ள வீடுகள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பொரியலும் செய்ய நினைப்பவர்கள் ஆகியோருக்கு இந்த 20 லிட்டர் சோலோ வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பம் 25 லிட்டருக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. கடைக்குப் போகும்போது ஒரு அளவுநாடாவைக் கொண்டுபோங்கள். எங்கள் கருவியின் சுழல் தட்டு 25 சென்டிமீட்டர் அகலம்தான். ஆசையாக வாங்கிய நீள்சதுரக் கண்ணாடித் தட்டு சுழலும்போது மூலை இடித்து நின்றுவிடுவதால், இன்றும் அது அலமாரியிலேயே இருக்கிறது.